கண்ணாடிக்குள் மூன்று குட்டிகள்

மார்ச் 4, செவ்வாய்

புதைபடிவ மீனின் கீழ்த்தாடையைச் சுத்தம் செய்வது இன்றும் முடியவில்லை. பதினோரு பல் வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டாவது கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. ஊசியை ஒரு மயிரிழை கூடுதலாகத் தள்ளினால் பல் போய்விடும். தள்ளாவிட்டால் கல் போகாது. காலையிலிருந்து மாலை வரை அதே ஒரு விரல்கடை இடம்.

மேடம் பின்னால் வந்து நின்று பார்த்தார். அருங்காட்சியகத்தில் புதைபடிவப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. "அவசரமே இல்ல. அது பதினெட்டு கோடி வருஷமா வாயைத் திறக்காம இருந்திருக்கு" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போன பிறகு தனியாகச் சிரித்தேன். எனக்கு எல்லாமே இப்படித் தாமதமாகத்தான் வருகிறது.

மாலையில் அம்மா போன் செய்தாள். "என்ன, இன்னைக்கும் கல்லுக்குப் பல் தேய்ச்சியா?" வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இதே கேள்வி. பட்டம் வாங்கியவள் இதற்கா போனாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். "'ஆமா, சம்பளத்தோட தேய்க்கிறா'ன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

பிறகு அண்ணன் போனை வாங்கினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஞாயிற்றுக்கிழமை வா பாப்பா. ஒண்ணு காட்டணும். உங்க மேடத்துக்கிட்ட இப்ப சொல்லாத."

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அண்ணன் வேலை செய்யும் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஞாயிறு விடுமுறை. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்று வாசலில் சொன்னேன். வாட்ச்மேன் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். யார் போனாலும் அங்கே இதுதான் சட்டம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. போன வருடம் யாரோ எடுத்த படம் வெளியே போய், அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்களாம். அதிலிருந்து முதலாளி கண்டிப்பு. எலும்போ சிப்பியோ எது கிடைத்தாலும் கல்லோடு கல்லாக அரவைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு.

ஆனால் ஆட்களுக்குள் வேறு சட்டம் இருக்கிறது. முதலில் பார்த்தவன் தன் கையுறையைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டால் அது அவனுடையது. வேறு யாரும் தொட மாட்டார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அப்புறம் விற்ற பணத்தில் அவருக்கு ஒரு பங்கு.

கருவிக்கொட்டகைக்குப் பின்னால், தகரத்தின் அடியில் ஓர் எலும்புக்கூட்டைக் கல்லோடு நான்கு துண்டாக வைத்திருந்தான் அண்ணன். மண்டியிட்டுச் சேர்த்து வைத்தோம். நீளம் என் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட.

"பெரிய பல்லிதானே?" என்றான்.

பல்லி இல்லை. இக்தியோசார். உருவம் மீன் மாதிரி, ஆனால் மீன் இல்லை. மூச்சுக்காக மேலே வந்து போகும் கடல் ஊர்வன. துடுப்பு, நீண்ட தாடை, பெரிய கண்குழி எல்லாம் இருந்தது. அதுவே போதும். ஆனால் விலா எலும்புகளுக்கு உள்ளே, இடுப்புப் பக்கமாக, சின்னதாக ஒரு முதுகெலும்பு வளைந்து கிடந்தது. அதன் முனையில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மண்டையோடு. வால் வெளிப்பக்கம் பார்த்திருந்தது.

"தின்ன மீனா?" என்றான்.

"இல்லண்ணா. குட்டி. இது முட்டை போடாது. தண்ணிக்குள்ளயே பெத்துக்கும். வால்தான் முதல்ல வரும், இல்லன்னா குட்டி மூச்சு முட்டிச் செத்துடும்."

அண்ணன் குட்டியின் மேல் இருந்த தூசியை விரலால் தள்ளினான். "பெக்கறதுக்குள்ள போயிடுச்சா" என்றான்.

இப்படிக் கிடைப்பதை வாங்க ஒருவர் வருவார். எப்போதும் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும், அதனால் லென்ஸ்காரர். போன வாரமே வந்து பார்த்தாராம். விலா எல்லாம் நொறுங்கிக் கிடக்கிறது, உள்ளே ஏதோ குப்பை அடைத்திருக்கிறது என்று அடிமாட்டு விலை சொல்லிவிட்டுப் போய்விட்டார். "அந்த விலைக்கு அவருக்குக் குடுக்கறதுக்கு உங்க மேடத்துக்கே குடுக்கலாம். எம் பேரு வராம பாத்துக்க" என்றான் அண்ணன். எத்தனை சுலபமாகச் சொன்னான்.

கிளம்பும்போது ஒரு வேலை செய்தேன். பையில் எப்போதும் வெற்றுச் சீட்டுகள் இருக்கும். சீட்டு இல்லாமல் ஒரு மாதிரியைக்கூட விட்டு வரக் கூடாது என்பது எங்கள் அறையின் முதல் பாடம். சீட்டு தொலைந்துபோன பெட்டிகள் எங்களிடம் முப்பது இருக்கின்றன. உள்ளே என்ன, எங்கிருந்து வந்தது, யாருக்கும் தெரியாது. வெறும் கல். அதனால் பென்சிலால் எழுதி நூல் கட்டினேன்: இக்தியோசார், முழு உடல். வயிற்றில் பிறக்காத குட்டி ஒன்று (மேலும் இருக்கலாம்). மிக அரிது.

பார்த்தது ஒன்றுதான். ஆனால் கல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பார்க்காததை இல்லை என்று எழுதக் கூடாது.

தங்கியிருக்கும் அறைக்கு வந்ததும் நினைவிலிருந்து இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

அண்ணன் பெயர், குவாரி பெயர் எதுவும் சொல்லாமல் மேடத்திடம் சொன்னேன். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார். இரண்டு முறை கேட்டார்: "வால் வெளிப்பக்கமா?"

ஆனால் நிலத்துக்காரரின் (குவாரி என்றால் முதலாளியின்) சம்மதக் கடிதம் இல்லாமல் அருங்காட்சியகம் எதையும் வாங்க முடியாது. திருட்டுப் பொருள் ஆகிவிடும். கடிதம் கேட்டால் முதலாளிக்குத் தெரியும். தெரிந்தால் அண்ணன் வேலை போகும். மேடம் வேறு வழி யோசித்தார். சுற்றுவட்டாரக் குவாரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் ஒப்புதல் கேட்டு எழுதலாம். அப்போது யார் சொன்னது என்று தெரியாது. "ரெண்டு வாரம் குடு. அவரைக் காத்திருக்கச் சொல்லு" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

காத்திருக்கிறேன் என்றான் அண்ணன்.

மார்ச் 19, புதன்

போய்விட்டது.

லென்ஸ்காரர் நேற்று வேறு ஏதோ சிப்பி பார்க்க வந்திருக்கிறார். போகிற போக்கில் தகரத்தைத் தூக்கியிருக்கிறார். சீட்டைப் படித்தாராம். இரண்டாவது தடவையும் படித்தாராம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வண்டிக்குப் போய் பணத்தோடு திரும்பி வந்திருக்கிறார். முன்பு சொன்னதற்கு மூன்று மடங்கு. மேஸ்திரி பக்கத்திலேயே நின்றிருந்தார், அவர் பங்கும் மூன்று மடங்கு. அண்ணன் எப்படி மாட்டேன் என்று சொல்வான்?

"நான் என்ன பண்றது பாப்பா. நீதான் எழுதி வச்சிட்டுப் போயிட்டியே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

குப்பை என்று நினைத்துப் போனவர். அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார். நான்தான் கூப்பிட்டு, இது குப்பை இல்லைங்க, குட்டிங்க என்று எழுதிக் கட்டிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். படிச்சவ. நல்லாப் படிச்சவ.

மார்ச் 20, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். அவர் எழுதி முடித்திருந்த கடிதத்தை அச்சடிக்காமல் கணினியை மூடினார்.

ஏப்ரல் 12, சனி

புதைபடிவங்களை விற்பதைத் தடை செய்யலாமா என்று கருத்துக் கேட்கும் கூட்டம், எங்கள் அரங்கத்தில். நூறு பேர் வரை இருந்தார்கள். பேச விரும்புபவர்களிடம் மைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

மேடம் நன்றாகப் பேசினார். தனியார் கைக்குப் போனால் நாளை அதைப் பார்க்க விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்க்க முடியாவிட்டால் அது அறிவியலே இல்லை. அதனால் தனியாரிடம் இருப்பதைப் பற்றி எழுதினால் ஆய்விதழ்கள் ஏற்பதே இல்லை என்றார். "விக்கப்பட்ட நாள்லேருந்து எங்களைப் பொறுத்தவரைக்கும் அது இல்லாத மிருகம்."

கழுத்தில் பூதக்கண்ணாடியோடு லென்ஸ்காரரும் வந்திருந்தார். மைக்கை நான்தான் கொடுத்தேன். அண்ணன் வழியாக என்னைத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"மேடம் சொல்றது நியாயம். ஆனா ஒரு கேள்வி. நான் வாங்காத கல்லெல்லாம் எங்க போகுது? இந்த அரங்கத்துக்கு வருதா? இல்ல. நேரா சிமெண்ட்டுக்குப் போகுது. இந்தச் செவுத்துலயே எத்தனை மிருகம் இருக்குதோ யாரு கண்டா." சிரிப்பு எழுந்தது. "குனிஞ்சு பாக்கறவனுக்கு ஏதாவது கிடைச்சாத்தான் அவன் குனிவான். நீங்க என்ன தருவீங்க?"

"பேர் போட்டு நன்றிக் கடிதம் தருவோம்" என்றார் மேடம்.

"அதை முதலாளிகிட்ட காட்டினா அவரு ஒரு கடிதம் தருவாரு, நாளையிலேருந்து வராதேன்னு."

இந்தத் தடவை பெரிய சிரிப்பு. மேடத்தின் முகம் சிவந்தது. தலைமை தாங்கியவர், குவாரித் தொழிலாளர் குடும்பத்திலிருந்து யாராவது பேச முடியுமா, அவர்கள் நிலைமையைச் சொல்லலாமே என்று கேட்டார். யாரும் எழவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். கட்டாயப்படுத்தவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

மைக் என் கையிலேயே இருந்தது. வாயருகே தூக்கினால் போதும். என்ன சொல்வேன்? மேடம் சொல்வது சரி என்றா? லென்ஸ்காரர் சொல்வதும் சரி என்றா? இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் இருவர் சொல்வதிலும் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்றா? எதிர் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். ஓடிப்போய் அவரிடம் கொடுத்துவிட்டேன். வாகனம் நிறுத்த இடம் போதவில்லை என்று அவர் குறை சொன்னார்.

டீ கொடுக்கும் இடத்தில் லென்ஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாப் படிச்சிருக்கம்மா. எழுத்து முத்து முத்தா இருக்கு."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அண்ணன் எங்கிட்ட ஏழு வருஷமா சுருள்சிப்பி குடுக்கறான். கெட்டிக்காரன். கறாராப் பேசுவான். உனக்கு ஃபீஸ் கட்டற மாசம் மட்டும் பேரம் பேச மாட்டான். கேட்டதுக்குக் குடுத்துட்டுப் போயிடுவான்." டீயை ஊதிக் குடித்தார். "தப்பா எடுத்துக்காத. உங்க மேடம் பேசினப்ப இது ஞாபகம் வந்துச்சு."

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அண்ணனிடம் கேட்டேன். என் ஃபீஸ் பணம் ஓவர்டைமில் வந்தது என்றுதானே சொன்னாய் என்றேன்.

"ஓவர்டைம்தான். வேலை முடிஞ்சப்புறம் குனிஞ்சு பொறுக்கறது ஓவர்டைம் இல்லாம என்ன?" என்றான்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

மூன்று வருடப் படிப்பு. எத்தனை சுருள்சிப்பி இருக்கும்? எந்த அடுக்கிலிருந்து வந்தது, என்ன இனம் என்று யாரும் குறித்து வைக்காத சிப்பிகள். எங்கள் அறையில் அப்படி ஒன்று வந்தால் நான் உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைப்பேன்.

மே 28, புதன்

மேடம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்றின் பட்டியல். கறுப்புத் துணி மேல், வெளிச்சம் போட்டு, நம் இக்தியோசார். "நம்" என்று எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது?

நான்கு துண்டுகள் சேர்ந்த கோடுகூடத் தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. பிறகுதான் வயிற்றைப் பார்த்தேன்.

மூன்று குட்டிகள்.

ஒன்று நான் பார்த்தது, வால் வெளிப்பக்கமாக. மற்ற இரண்டும் அதற்கு மேலே, அடுக்கி வைத்த மாதிரி. ஒரே அளவு, ஒரே வளைவு. முதுகெலும்பின் ஒவ்வொரு துண்டும் ஒன்றுபோல இருக்கிறது. எலும்பு அப்படி இருக்காது. அந்த இடத்தில் அன்று வெறும் கல்தான் இருந்தது; என் விரலால் தடவிப் பார்த்த இடம். கல்லைச் செதுக்கி, பிசினும் எலும்புத் தூளும் கலந்து செய்வார்கள். நல்ல கைவேலைக்காரர் யாரோ. என்னைவிட நல்ல கை.

கீழே விவரம் இருந்தது. இக்தியோசார், முழு உடல். வயிற்றில் பிறக்காத குட்டிகள் மூன்று. மிக அரிது.

'மேலும் இருக்கலாம்' என்று எழுதியிருந்தேன் அல்லவா. இருக்க வைத்துவிட்டார்கள்.

மே 29, வியாழன்

தூங்காத கண்ணோடு போய், இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை மேடத்திடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். திரையில் இருந்ததையும் என் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் நம்பறேன்" என்றார். "ஆனா இது நீ நினைவுல வரைஞ்சது. ஏலக்காரங்களுக்கு எழுதினா முதல் கேள்வி என்ன கேப்பாங்க? எங்க பாத்தே, எப்ப பாத்தே, யாரு காட்டினா."

"ம்."

"சொல்லுவியா?"

சொன்னால் அண்ணன் வேலை மட்டுமா போகும்? திருடி விற்றதாக வழக்கும் வரும். லென்ஸ்காரர் தப்பித்துக்கொள்வார்; அவரிடம் ரசீது இருக்கும். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி நின்றேன் என்பார். மாட்டுவது கையுறை போட்டவன்.

சொல்லாவிட்டால் இந்த விலங்குக்கு வயிற்றில் மூன்று. அப்படியே எழுதுவார்கள், பிள்ளைகள் படிப்பார்கள். பதினெட்டு கோடி வருஷத்தில் ஒரு தரம் வெளியே வந்து, வந்ததும் பொய்.

"முடியாது மேடம்" என்றேன்.

அவர் என் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "உன் இடத்துல நானா இருந்தாலும்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதற்கு நன்றி.

ஜூன் 3, செவ்வாய்

ஏலத்தில் விற்றுப்போய்விட்டது. யார் வாங்கினார்கள் என்று தெரியாது.

ஜூலை 21, திங்கள்

இப்போது தெரிந்துவிட்டது. வாங்கியவர் ஒரு கட்டுமான நிறுவனத்தின் தலைவர். ஓர் ஆண்டுக்கு எங்கள் அருங்காட்சியகத்துக்கே காட்சிக்குக் கடன் கொடுக்கிறார். அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் வரும் என்கிறார்கள். நிபந்தனைகள் மூன்று. கண்ணாடியைத் திறக்கக் கூடாது. எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. விவரப்பலகையில் அவர்கள் கொடுத்த வாசகமே இருக்க வேண்டும்.

மேடம் எதிர்த்திருக்கிறார். காரணம் கேட்டிருக்கிறார்கள். காரணத்தைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். என்னால்.

இன்று பெட்டி வந்தது. இறக்கி வைக்க நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். நான்கு துண்டாக இருந்தபோது இதைவிட லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணனும் அம்மாவும் வந்தார்கள். நான் வேலை செய்யும் இடத்துக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். வழுக்கும் தரையைப் பார்த்து, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அம்மா வாசலிலேயே கேட்டாள்.

என் அறையைக் காட்டினேன். "இதுதான் தேய்க்கிற பிரஷ்ஷா?" என்று அம்மா ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தள்ளிப்போட முடியாமல், பெரிய கூடத்துக்குப் போனோம்.

கூட்டம். ஒரு ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அம்மா பெருமையோடு சுற்றிப் பார்த்தாள். தன் மகன் எடுத்தது என்று யாரிடமாவது சொல்லத் துடிக்கிறாள், சொல்லக் கூடாது என்றும் தெரிந்துவைத்திருக்கிறாள்.

அண்ணன் முன்னால் போய்க் குனிந்தான். நன்றாகக் குனிந்து, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குப் பார்த்தான். கை தானாகக் கண்ணாடி மேல் போனது. "சார், தொடாதீங்க. தள்ளி நின்னு பாருங்க" என்றார் எங்கள் காவலாளி. அண்ணன் சட்டென்று கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டான்.

"ஒண்ணுதானே இருந்துச்சு?"

"ஒண்ணுதான்."

"நீ சொல்லலியா அவங்ககிட்ட?"

கீழே கிடந்த சருகு ஒன்றை எடுத்துக் கிழித்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். பிறகு பேச்சை மாற்றி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். அம்மா, கொஞ்சம் இருடா, இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கூடத்தில் பார்க்க வருகிற கூட்டம் இன்னும் குறையவில்லை. மேடம் அந்தக் கூடத்து வழியாகப் போவதில்லை. பின்படிக்கட்டில் சுற்றிக்கொண்டு போகிறார்.

தடைச் சட்டம் பற்றி எதுவும் முடிவாகவில்லை. இன்னொரு கூட்டம் வைப்பார்களாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னான்.

"வியாழக்கிழமை ஒண்ணு வந்துச்சு."

நான் நிமிர்ந்தேன். "கையுறை போட்டியா?"

"இல்ல."

"வேற யாரு?"

"யாரும் பாக்கல. நான்தான் பாத்தேன்." துண்டை உதறிக் கொடியில் போட்டான். "லென்ஸுக்குக் குடுத்தா ஒண்ணை மூணாக்குவான். உங்கிட்ட சொன்னா நீ ராத்திரி தூங்க மாட்டே. முதலாளிகிட்ட சொன்னா நான் தூங்க முடியாது. அரவைக்குப் போற லாரியில ஏத்திட்டேன்."

உள்ளே அம்மா தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "எவ்வளவு பெருசுண்ணா?"

அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். போதவில்லை என்பது போல இன்னும் கொஞ்சம் விரித்தான். அப்படியே ஒரு நொடி பிடித்திருந்துவிட்டு, கையைக் கீழே போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.